புற்றுநோய் செல்லின் மைட்டோகாண்ட்ரியா உண்மையிலேயே பழுதா? கல்லூரி ஆய்வகத்தில் அளந்து பார்ப்பது எப்படி?

வெண்ணாறு (தஞ்சாவூர்)

எம்.எஸ்சி. உயிர்வேதியியல் மாணவர்கள் இருவருக்குத் திட்டப்பணி கொடுக்க வேண்டும். கேள்வி ஒன்றுதான்: ஹீலா செல்லில் (ஆய்வகத்தில் வளர்க்கப்படும் கருப்பைவாய்ப் புற்றுநோய் செல்) மைட்டோகாண்ட்ரியா வேலை செய்கிறதா, இல்லையா?

தேர்வுக் குறிப்புகள் பலவற்றில் "புற்றுநோய் செல்லில் மைட்டோகாண்ட்ரியா பழுதடைந்துவிடுகிறது, அதனால்தான் ஆக்சிஜன் இருந்தும் குளுக்கோஸை லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது, இதுவே வார்பர்க் விளைவு" என்று முடித்துவிடுகிறார்கள். மாணவர்கள் அதை மனப்பாடம் செய்வதைவிட அளந்து பார்ப்பது நல்லது.

கையில் இருப்பவை: 1 மி.லி. அறை கொண்ட பழைய கிளார்க் ஆக்சிஜன் எலெக்ட்ரோடு, யுவி ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர், கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர், லேமினார் ஃப்ளோ, மைக்ராஸ்கோப். செல்கள் புனே தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வரும். சீஹார்ஸ் கருவி (செல்லின் ஆக்சிஜன் செலவையும் அமிலமாதலையும் தானாக அளப்பது) இல்லை, வாங்கவும் வழியில்லை. இதை வைத்துக்கொண்டு எதுவரை போகலாம்?

குடமுருட்டி

போதுமான தூரம் போகலாம். ஜெர்மன் உயிர்வேதியியலாளர் ஒட்டோ வார்பர்க் 1920-களில் பெர்லினில் கண்ணாடிக் குடுவையும் மானோமீட்டரும் வைத்துக்கொண்டுதான் இதை அளந்தார். அளந்தது சரியாகவே இருந்தது. 1956-இல் சயன்ஸ் இதழில் அதற்கு அவர் சொன்ன காரணம்தான் (சுவாசம் பழுதடைவதே புற்றுநோயின் மூலம்) பொது விதியாக நிற்கவில்லை. மாணவர்களுக்கு முதலில் இந்த இரண்டையும் பிரித்துக் காட்டுங்கள்.

லாக்டேட் கூடியிருக்கிறது என்பது ஓர் அளவு. ஆக்சிஜன் எவ்வளவு செலவாகிறது என்பது வேறோர் அளவு. முதலாவதைப் பார்த்து இரண்டாவதை ஊகிக்கக் கூடாது. இரண்டையும் ஒரே நாளில், ஒரே பாசேஜ் (ஒரே முறை தட்டு மாற்றி வளர்த்த) செல்லில் எடுக்க வேண்டும்.

அரசலாறு (கும்பகோணம்)

வார்பர்க்கை இவ்வளவு எளிதாக ஓரங்கட்ட வேண்டாம் சார். அவருடைய கட்டுப்பாடுகளை இன்றைக்குப் படித்தாலும் வியப்பாக இருக்கும். திசுவை 0.2 முதல் 0.4 மி.மீ. தடிமனுக்குள் சீவினார். அதைவிடத் தடித்தால் நடுவிலுள்ள செல்லுக்கு ஆக்சிஜன் எட்டாது. எட்டாத செல் எந்தத் திசுவானாலும் லாக்டிக் அமிலம் கொட்டும், அதைப் புற்றுநோயின் குணம் என்று தவறாக எழுதிவிடுவோம். குடுவையின் நடுக்குழியில் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வைத்துக் கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சவிட்டு ஆக்சிஜன் குறைவதை அளந்தார். பைகார்பனேட் கரைசலில் அமிலம் சேரும்போது வெளியேறும் கார்பன் டை ஆக்சைடை வைத்து லாக்டிக் அமிலத்தைக் கணக்கிட்டார்.

ஃப்ளெக்ஸ்னர்-ஜோப்ளிங் எலிக் கட்டியில் அவர் எடுத்த எண்கள் (ஒரு மில்லிகிராம் உலர் எடைக்கு, ஒரு மணி நேரத்துக்கு, கன மில்லிமீட்டரில்): ஆக்சிஜன் செலவு 7.2, ஆக்சிஜன் இருக்கையில் லாக்டிக் அமிலம் 25, ஆக்சிஜன் இல்லாதபோது 31. சாதாரணத் திசு ஆக்சிஜன் கிடைத்ததும் லாக்டிக் அமிலத்தை ஏறக்குறைய நிறுத்திவிடும். இங்கே 31 வெறும் 25 ஆகத்தான் குறைகிறது. சுவாசத்தால் நொதித்தலை அடக்க முடியவில்லை என்று அவர் சொன்னதில் என்ன பிழை?

குடமுருட்டி

எண்களைப் போட்டதற்கு நன்றி சார். அதே எண்களிலேயே விடை இருக்கிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள்.

25 பங்கு லாக்டேட் என்றால் 12.5 பங்கு குளுக்கோஸ். ஒரு குளுக்கோஸுக்கு நிகரம் 2 ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு), ஆக 25. அடுத்து 7.2 பங்கு ஆக்சிஜன். ஒரு குளுக்கோஸ் முழுமையாக எரிய 6 ஆக்சிஜன் வேண்டும், ஆகவே 1.2 பங்கு குளுக்கோஸ். தலா 30 ஏடிபி என்று வைத்தால் 36. குளுக்கோஸில் பத்தில் ஒரு பங்குகூட எரியவில்லை, ஆனால் ஏடிபியில் பாதிக்கு மேல் அந்த எரிப்பிலிருந்துதான் வருகிறது. வார்பர்க்கின் சொந்தக் கட்டியிலேயே மைட்டோகாண்ட்ரியா ஓடிக்கொண்டிருந்தது.

"அடக்க முடியவில்லை" என்பது உண்மை. அதற்குக் காரணம் சுவாசப் பழுது என்பதுதான் ஊகம். 1956-லேயே சிட்னி வைன்ஹவுஸ் அதே சயன்ஸ் இதழில் மறுப்பு எழுதினார். ஐசோடோப்பு ஏற்றிய குளுக்கோஸையும் கொழுப்பு அமிலத்தையும் கட்டித் திசு நன்றாகவே எரிக்கிறது என்பது அவர் தரப்பு. 2006-இல் ஃபிலிப் லீடர் குழு லாக்டேட் டிஹைட்ரஜனேஸ்-ஏ நொதியைக் குறைத்தபோது கட்டிச் செல்களின் மைட்டோகாண்ட்ரிய சுவாசம் ஏறியது. பழுதான எந்திரம் அப்படி ஏறாது.

இன்னொன்றும் இருக்கிறது. தூண்டப்பட்ட லிம்போசைட் புற்றுநோய் செல் அல்ல, ஆனால் பெருகத் தொடங்கியதும் அதுவும் ஆக்சிஜன் இருக்கும்போதே லாக்டேட் கொட்டுகிறது. இது பெருகும் செல்லின் குணம். கார்பனைக் கட்டுமானத்துக்குத் திருப்புவதும், என்ஏடி-யை (கிளைக்காலிசிஸ் தொடரத் தேவையான துணைநொதி) விரைவில் மீட்பதும் அதற்குத் தேவைப்படுகிறது.

முடிகொண்டான்

வேளாண்மைப் பக்கத்திலிருந்து ஒரு விளக்கம், வகுப்பில் உதவும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சம்பா மூழ்கும்போது வேருக்கும் தண்டுக்கும் ஆக்சிஜன் இல்லை, பயிர் எத்தனால் நொதித்தலுக்கு மாறுகிறது, மாவுச்சத்து வேகமாகக் கரைகிறது. சி.ஆர்.1009 சப்-1 இரண்டு வாரம்வரை தாங்குவது அதிலுள்ள சப்-1ஏ மரபணு தண்டின் நீட்சியை அடக்கி அந்த மாவுச்சத்தை மிச்சப்படுத்துவதால்தான். தண்ணீர் வடிந்து ஆக்சிஜன் வந்ததும் பயிர் சுவாசத்துக்குத் திரும்பிவிடும். இது பாஸ்டர் விளைவு. தண்ணீரே இல்லாத மேட்டு வயலிலும் பயிர் மூழ்கிய மாதிரி நொதித்துக்கொண்டிருந்தால் எப்படியோ, அப்படித்தான் வார்பர்க் விளைவு. இரண்டையும் மாணவர்கள் குழப்பிக்கொள்கிறார்கள்.

கொள்ளிடக்கரை

கருவி விஷயத்துக்கு வருகிறேன். எலெக்ட்ரோடு சரியில்லை என்றால் மேலே செய்வது எதுவும் நிற்காது.

பிளாட்டினம் கேத்தோடு, வெள்ளி ஆனோடு, இடையில் பொட்டாசியம் குளோரைடு கரைசல், மேலே டெஃப்லான் படலம். மின்னழுத்தம் 0.6 முதல் 0.7 வோல்ட். படலத்துக்கு அடியில் ஒரு குமிழ் மாட்டிக்கொண்டாலும் கோடு அலைந்துகொண்டே இருக்கும். சுருக்கம் விழுந்த படலத்தை நீவிச் சரிசெய்ய முயலாமல் புதிது போடுங்கள். வெள்ளியில் கறுப்பு ஏறியிருந்தால் அலுமினாப் பசையால் மெருகேற்றி, நன்றாகக் கழுவிய பிறகுதான் படலம்.

அளவுதிருத்தம்: 37 டிகிரியில் காற்றோடு நன்றாகக் கலக்கிய காய்ச்சிவடித்த நீரில் ஆக்சிஜன் சுமார் 210 மைக்ரோமோலார். அதை மேல்புள்ளியாக வையுங்கள். சோடியம் டைதயோனைட் சில பொடிகள் போட்டால் பூஜ்யம். பிறகு அறையை ஐந்தாறு முறை கழுவுங்கள். டைதயோனைட் கொஞ்சம் மிஞ்சினாலும் அது தானே ஆக்சிஜனைத் தின்னும், அதைச் செல்லின் சுவாசம் என்று எழுதிவிடுவார்கள். மீடியத்தில் உப்பு இருப்பதால் கரையும் ஆக்சிஜன் 190 அளவுக்கு இறங்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

செல்: ட்ரிப்சின் போட்டு எடுத்து, சீரம் கலந்த மீடியத்தால் ட்ரிப்சினை நிறுத்தி, கழுவி, மில்லிக்கு 50 லட்சம் செல். ட்ரிப்பான் புளூவில் 95 சதவீதம் உயிரோடு இல்லையென்றால் அன்றைக்கு ஓட்ட வேண்டாம். நிமிடத்துக்கு மில்லிக்கு 10 நானோமோல் செலவாகிறது என்று கொண்டால் அறையிலுள்ள ஆக்சிஜன் இருபது நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். ஆகவே எல்லா ஊசியும் முன்பே நிரப்பி வரிசையாக இருக்க வேண்டும்.

சேர்க்கும் வரிசை:

எதுவும் சேர்க்காமல் 3-4 நிமிடம். இது அடிப்படைச் சுவாசம்.
ஒலிகோமைசின், மில்லிக்கு 1 மைக்ரோகிராம். ஏடிபி சிந்தேஸ் நிற்கும். குறைந்த பகுதி ஏடிபிக்காக நடந்த சுவாசம், மிச்சத்தில் பெரும்பகுதி புரோட்டான் கசிவு.
எஃப்சிசிபி (சவ்வு வழியே புரோட்டானைக் கசியவிட்டுச் சுவாசத்தைக் கட்டவிழ்க்கும் மருந்து), 0.5 மைக்ரோமோலார் வீதம் படிப்படியாக, வேகம் ஏறாமல் நிற்கும்வரை. இது உச்சத் திறன்.
ரோட்டினோன் 1 மைக்ரோமோலார், ஆன்டிமைசின்-ஏ 1 மைக்ரோமோலார். இரண்டும் மூச்சுச் சங்கிலியை அடைப்பவை. இதற்குப் பிறகும் ஆக்சிஜன் குறைந்தால் அது மைட்டோகாண்ட்ரியாவுக்கு வெளியே நடப்பது. எல்லா எண்ணிலிருந்தும் இதைக் கழிக்க வேண்டும்.

எஃப்சிசிபியை ஒரே வீச்சில் ஊற்றுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. அளவு மீறினால் அதுவே சுவாசத்தை அடக்கும். "உச்சத் திறன் இல்லை, மைட்டோகாண்ட்ரியா பழுது" என்ற பொய்யான முடிவு அங்கிருந்துதான் பிறக்கிறது. மீடியத்தில் சீரமோ அல்புமினோ இருந்தால் எஃப்சிசிபி அதில் ஒட்டிக்கொள்ளும், கூடுதலாக வேண்டியிருக்கும். அதனால் இன்னொரு கட்டுரையிலுள்ள அளவை அப்படியே எடுக்கக் கூடாது. சில செல்களில் ஒலிகோமைசினுக்குப் பின் உச்சம் குறைத்தே காட்டும். ஒலிகோமைசின் இல்லாமல் எஃப்சிசிபி மட்டும் போட்ட ஓட்டம் ஒன்றும் எடுங்கள்.

ஓட்டம் முடிந்ததும் 70 சதவீத எத்தனாலில் அறையை இரண்டு முறை ஊறவைத்துக் கழுவுங்கள். ரோட்டினோனும் ஆன்டிமைசினும் கலக்கிக் காந்தத்திலும் ஓ-வளையத்திலும் ஒட்டிக்கொண்டு அடுத்த ஓட்டத்தைக் கெடுக்கும். ஒவ்வொரு மருந்துக்கும் தனி ஹாமில்டன் ஊசி.

ஓடம்போக்கி (திருவாரூர்)

அண்ணே, ஒரு சந்தேகம். சித்திரை, வைகாசியில் அறையே 38 டிகிரி தொடுகிறது. வாட்டர் பாத்தில் 37 என்று போட்டாலும் அறையின் வெப்பம் ஏறிக்கொண்டே போகும்போது என்ன செய்வது?

கொள்ளிடக்கரை

சாதாரண சுற்றோட்ட வாட்டர் பாத் சூடாக்கத்தான் செய்யும், குளிர்விக்காது. அறை 37-ஐத் தாண்டினால் அதன் கட்டுப்பாடு கைவிட்டுப் போகும். ஏ.சி.யை 26-இல் வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ஓட்டுங்கள். ஏ.சி. இல்லாத அறை என்றால் பாத்துக்குள் செம்புச் சுருள் ஒன்று இறக்கி ஐஸ் தண்ணீர் ஓடவிட்டால் ஹீட்டர் தன் வேலையைச் செய்யும். வெப்பமானியை அறைக்குள் விட்டுப் பாருங்கள், பாத்தின் எண்ணை நம்ப வேண்டாம். ஒரு டிகிரி ஏறினாலும் சுவாச வேகம் மாறும், கரையும் ஆக்சிஜனும் மாறும், இரண்டு பிழை ஒன்றாகச் சேரும்.

மின்னழுத்த ஏற்ற இறக்கத்துக்கு ஸ்டெபிலைசர் கட்டாயம். எர்த் சரியில்லாத பிளக்கில் கோடு முழுவதும் ரம்பப் பல்லாக இருக்கும். மின்வெட்டு வந்து போன இன்குபேட்டரிலிருந்து உடனே செல் எடுக்காதீர்கள். கார்பன் டை ஆக்சைடு இறங்கி மீடியம் ஊதா நிறமாகியிருந்தால் அந்தத் தட்டை அன்றைய அளவுக்குச் சேர்க்க வேண்டாம்.

குடமுருட்டி

கொள்ளிடக்கரை சொன்னது முழுச் செல்லுக்கு. மூச்சுச் சங்கிலியின் நொதித் தொகுதிகளில் (காம்ப்ளெக்ஸ் 1 முதல் 4) எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டுமானால் டிஜிடோனின் போட்டுச் செல்லின் வெளிச்சவ்வைத் துளைக்க வேண்டும். அளவைச் சின்னச் சின்னப் படியாக ஏற்றி, ட்ரிப்பான் புளூவில் 90 சதவீதத்துக்கு மேல் நீலமாகும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் போனால் மைட்டோகாண்ட்ரியாவின் புறச்சவ்வும் கிழியும்.

கிழிந்ததா என்று பார்க்க ஒரு நல்ல சோதனை இருக்கிறது. ஏடிபியின் (ட்ரைபாஸ்பேட்) மூலப்பொருளான அடினோசின் டைபாஸ்பேட்டும் சப்ஸ்ட்ரேட்டும் (எரிபொருள்) கொடுத்துச் சுவாசம் ஓடும்போது சைட்டோகுரோம்-சி 10 மைக்ரோமோலார் சேருங்கள். வேகம் 10 சதவீதத்துக்கு மேல் ஏறினால் உள்ளிருந்த சைட்டோகுரோம்-சி கசிந்து போயிருக்கிறது, அந்த ஓட்டத்தைத் தள்ளிவிடுங்கள்.

குளுட்டமேட் 10, மாலேட் 2 மில்லிமோலார் கொடுத்தால் காம்ப்ளெக்ஸ் 1 வழி. ரோட்டினோன் போட்டு அதை அடைத்த பிறகு சக்சினேட் 10 மில்லிமோலார், காம்ப்ளெக்ஸ் 2 வழி. ஆன்டிமைசினால் காம்ப்ளெக்ஸ் 3-ஐ அடைத்து, அஸ்கார்பேட் 2 மில்லிமோலாரும் டிஎம்பிடி 0.5 மில்லிமோலாரும் கொடுத்தால் காம்ப்ளெக்ஸ் 4. டிஎம்பிடி காற்றிலேயே ஆக்சிஜனேற்றம் ஆகும். கடைசியில் சோடியம் அசைடு போட்டு மிஞ்சும் வேகத்தைக் கழிக்காவிட்டால் காம்ப்ளெக்ஸ் 4 வானளவு தெரியும். அஸ்கார்பேட்டை முதலில், டிஎம்பிடியைப் பின்னால் சேர்க்க வேண்டும். அசைடு கொடிய நஞ்சு, மாணவர்கள் கையுறை இல்லாமல் தொடக்கூடாது, அமிலத்தோடு சேரவிடவும் கூடாது.

வெண்ணாறு

தெளிவாக இருக்கிறது. லாக்டேட்டுக்கு கிட் வாங்கலாமா? மீடியம் மஞ்சளாவதை வைத்தே மாணவர்கள் "லாக்டேட் கூடுகிறது" என்று எழுதுகிறார்கள்.

குடமுருட்டி

நிறத்தை வைத்து எழுத வேண்டாம். குளுக்கோஸ் லாக்டேட்டானால் 2 புரோட்டான். முழுமையாக எரிந்தால் 6 கார்பன் டை ஆக்சைடு, அதுவும் நீரில் கரைந்து அமிலம்தான். நன்றாகச் சுவாசிக்கும் செல்லும் மீடியத்தை மஞ்சளாக்கும். சீஹார்ஸ் கருவியின் அமிலமாதல் எண்ணுக்கும் இதே திருத்தம் தேவைப்படுகிறது.

கிட் இல்லாமலும் செய்யலாம். மீடியத்தை எடுத்துக் குளிர்ந்த பெர்க்ளோரிக் அமிலத்தால் புரதத்தை வீழ்த்தி, நடுநிலையாக்கி, கிளைசின்-ஹைட்ரசின் பஃபரில் (பிஎச் 9) என்ஏடியும் லாக்டேட் டிஹைட்ரஜனேஸும் சேர்த்து 340 நானோமீட்டரில் உட்கவர்தல் நிற்கும்வரை காத்திருங்கள். ஹைட்ரசின் பைருவேட்டைப் பிடித்து வினையை முடிவுவரை இழுக்கும். அதுவும் நச்சு, ஹூடுக்குள் செய்யுங்கள். 1 மில்லிமோலாருக்கு உட்கவர்தல் 6.22. உட்கவர்தல் 0.311 ஏறினால் குவெட்டில் 0.05 மில்லிமோலார். 1 மி.லி.யில் 20 மைக்ரோலிட்டர் சாம்பிள் போட்டிருந்தால் 50 மடங்கு, ஆக 2.5 மில்லிமோலார். பெர்க்ளோரிக் அமிலத்தால் ஆன நீர்ப்பையும் மறக்காமல் பெருக்குங்கள்.

செல் இல்லாத மீடியத்தையும் அதே நேரம் இன்குபேட்டரில் வைத்து அளந்து கழிக்க வேண்டும், சீரத்திலேயே லாக்டேட் இருக்கிறது. குளுக்கோஸை சாதாரண ஜிஓடி-பிஓடி கிட்டில் பாருங்கள். லாக்டேட்டைக் குளுக்கோஸால் வகுத்தால் அதிகபட்சம் 2. அதற்கு மேல் வந்தால் பெரும்பாலும் நீர்ப்புக் கணக்கில் பிழை.

25 மில்லிமோலார் குளுக்கோஸ் உள்ள டிஎம்இஎம் (செல் வளர்ப்பு) மீடியத்தில் மட்டும் வளர்த்து முடிவெடுக்காதீர்கள். நம் ரத்தத்தில் இருப்பது 5 அளவு. அவ்வளவு சர்க்கரையில் செல் சுவாசத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், அது கிராப்ட்ரீ விளைவு. 5.5 மில்லிமோலார் மீடியத்திலும் ஒரு வரிசை வையுங்கள்.

மைக்கோபிளாஸ்மா இருக்கிறதா என்று முதலிலேயே பிசிஆரிலோ ஹெக்ஸ்ட் சாயத்திலோ பார்த்துவிடுங்கள். மீடியம் கலங்காது, கண்ணுக்குத் தெரியாது, ஆனால் குளுக்கோஸையும் ஆர்ஜினைனையும் தின்று எல்லா எண்ணையும் மாற்றிவிடும்.

அரசலாறு

மைட்டோகாண்ட்ரியா ஓடுகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். அது தேவைப்படுகிறது என்று எப்படிக் காட்டுவீர்கள்? கேலக்டோஸ் சோதனையா?

குடமுருட்டி

ஆமாம் சார். மலிவானது, கண்ணால் பார்க்கலாம். குளுக்கோஸ் இல்லாத டிஎம்இஎம், 10 மில்லிமோலார் கேலக்டோஸ், 4 மில்லிமோலார் குளுட்டமின், டயலைஸ் செய்த சீரம் 10 சதவீதம். சாதாரண சீரம் போட்டால் அதிலுள்ள குளுக்கோஸே சோதனையைக் கெடுக்கும். பைருவேட் சேர்த்தால் இரு தட்டிலும் ஒரே அளவு. கேலக்டோஸ் கிளைக்காலிசிஸுக்குள் மெதுவாகத்தான் நுழையும், ஆகவே செல் ஏடிபிக்கு மைட்டோகாண்ட்ரியாவை நம்ப வேண்டும். ஹீலா இதில் வளர்கிறது, வேகம் குறைவு. ஹீலாவின் முதன்மை எரிபொருள் குளுட்டமின் என்று 1979-லேயே காட்டியிருக்கிறார்கள்.

இரண்டு தட்டிலும் ரோட்டினோனைப் பல அளவுகளில் கொடுங்கள். கேலக்டோஸ் தட்டில் பாதி செல் சாகும் அளவு, குளுக்கோஸ் தட்டைவிட மூன்று மடங்கோ அதற்கு மேலோ குறைந்திருந்தால், அந்த நஞ்சு மைட்டோகாண்ட்ரியா வழியாகக் கொல்கிறது என்று எழுதலாம்.

அரசலாறு

அந்த "பாதி சாகும் அளவை" எம்டிடியில் (நிறம் மாறுவதை வைத்து உயிருள்ள செல்லை மதிப்பிடும் சோதனை) எடுக்கக் கூடாது என்பதை நான் சேர்த்துக்கொள்கிறேன். எம்டிடியை ஊதா ஃபார்மசானாக மாற்றுவது செல்லின் என்ஏடிஎச் சார்ந்த நொதிகள். ரோட்டினோன் அந்த வளர்சிதை மாற்றத்தையே மாற்றுகிறது. ஊதா குறைந்தால் செல் செத்ததா, நொதி மந்தமானதா என்று தெரியாது. கிரிஸ்டல் வயலட்டோ, ட்ரிப்பான் புளூ எண்ணிக்கையோ வையுங்கள்.

நம் பக்கத்துக் கல்லூரிகளில் மூலிகைச் சாறு, எம்சிஎஃப்-7 (மார்பகப் புற்றுநோய் செல்), எம்டிடி என்று நிறையத் திட்டப்பணிகள் நடக்கின்றன. அவர்களுக்கும் இது பொருந்தும். பாலிஃபீனால் நிறைந்த சாறு செல்லே இல்லாமல் எம்டிடியை ஊதாவாக்கும். சாறு மட்டும் ஊற்றிய குழி, டிஎம்எஸ்ஓ மட்டும் ஊற்றிய குழி (0.5 சதவீதத்துக்குள்) இரண்டும் இல்லாத வரைபடத்தை நம்பவே முடியாது. புற்றுநோயாளிகளின் வீட்டார் இந்தக் கட்டுரைகளின் தலைப்பைப் படித்துவிட்டு நம்பிக்கையோடு கேட்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் பொறுப்பு.

முடிகொண்டான்

ரோட்டினோன் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன். அதே மூச்சுச் சங்கிலியை அடைக்கும் மருந்துகள்தான் வயலிலும் தெளிக்கப்படுகின்றன. மிளகாயில் சிலந்திப்பேனுக்கு அடிக்கும் ஃபென்பைராக்சிமேட் காம்ப்ளெக்ஸ் 1-ஐ அடைக்கும். நெல் இலையுறைக் கருகல் நோய்க்கான திஃப்ளூசமைடு பூஞ்சையின் காம்ப்ளெக்ஸ் 2-ஐ, அசாக்ஸிஸ்ட்ரோபின், டிரைஃப்ளாக்ஸிஸ்ட்ரோபின் காம்ப்ளெக்ஸ் 3-ஐ. எந்த உயிரியின் நொதியில் எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது, உடல் எவ்வளவு விரைவாக உடைக்கிறது என்பதில்தான் வேறுபாடு. மாணவர்கள் ரோட்டினோனோடு நிற்காமல் இவற்றில் ஒன்றின் தூய வேதிப்பொருளையும் கேலக்டோஸ் தட்டில் வைத்தால் டெல்டாவுக்குப் பயனுள்ள தகவல் கிடைக்கும். கடைப் புட்டியிலிருந்து ஊற்றக் கூடாது, அதிலுள்ள கரைப்பானும் சோப்புப் பொருளும் செல்லைத் தாமே கொல்லும்.

வெட்டாறு

நோய்க்குறியியல் தரப்பிலிருந்து. மைட்டோகாண்ட்ரியா உண்மையிலேயே பழுதான கட்டிகளும் உண்டு. "எல்லாவற்றிலும் நன்றாகவே இருக்கிறது" என்று மறுபக்கம் சாய்ந்துவிட வேண்டாம்.

சக்சினேட் டிஹைட்ரஜனேஸ் (எஸ்டிஎச், அதாவது காம்ப்ளெக்ஸ் 2) மரபணுக்களில் பிறழ்வு வந்தால் பாராகாங்கிலியோமா, ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டிகள். 2000-இல் அதன் ஒரு துணையலகான எஸ்டிஎச்டி மரபணுவில் முதலில் கண்டார்கள். 2002-இல் ஃபியூமரேஸ் பிறழ்வு, அது தோலிலும் கருப்பையிலும் தசைக்கட்டியும் சிறுநீரகப் புற்றும் தரும் பரம்பரை நோய். இங்கே தேங்கும் சக்சினேட்டும் ஃபியூமரேட்டும் எச்ஐஎஃப் புரதத்தை (ஆக்சிஜன் குறைவுக்கேற்பச் செல்லை மாற்றுவது) உடைக்கும் வழியை அடைக்கின்றன. ஆக்சிஜன் இருந்தும் செல் இல்லாததுபோல் நடந்துகொள்ளும். சிறுநீரக ஆன்கோசைட்டோமாவில் காம்ப்ளெக்ஸ் 1-க்கான மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவிலேயே பிறழ்வுகள் காணப்படுகின்றன.

இதற்கு ஆக்சிஜன் எலெக்ட்ரோடு தேவையில்லை. எஸ்டிஎச்பி இம்யூனோ சாயம் போதும். நான்கு துணையலகில் எது கெட்டாலும் எஸ்டிஎச்பி சாயம் மறையும். ஆனால் அதே சில்லில் ரத்தக்குழாய் உட்சுவர்ச் செல்களில் துகள்துகளாகச் சாயம் ஏறியிருக்க வேண்டும். அங்கேயும் ஏறவில்லை என்றால் சாயம் தோற்றிருக்கிறது, கட்டியைப் பற்றி எதுவும் சொல்லக் கூடாது. பஃபர் செய்யாத ஃபார்மலினில் நாள்கணக்கில் கிடந்து வரும் திசுவில் இப்படி நிறைய நடக்கும். பத்து சதவீத நடுநிலை ஃபார்மலின், 6 முதல் 48 மணி நேரம். இரண்டும் முக்கியம்.

பாமினியாறு

இந்த இழையை நோயாளி வீட்டாரும் படிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். "கட்டி சர்க்கரையைத் தின்கிறது, சோற்றை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும்" என்று சொல்லிக் கீமோவில் இருப்பவர்களுக்குக் கஞ்சியைக்கூட நிறுத்திவிடுகிறார்கள். சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் தசைப்புரதத்திலிருந்து குளுக்கோஸ் செய்து ரத்தத்தில் அளவைக் காப்பாற்றும். கட்டிக்குக் கிடைப்பது கிடைத்துக்கொண்டே இருக்கும், கரைவது நோயாளியின் தசை. ஆறு மாதத்தில் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் தானாகக் குறைந்தால் அது எச்சரிக்கை. கிலோவுக்கு நாளொன்றுக்கு 25 முதல் 30 கிலோகலோரி, புரதம் 1 முதல் 1.5 கிராம் என்பது வழிகாட்டி அளவு. 50 கிலோ ஆளுக்கு 1250-1500 கிலோகலோரி, 50-75 கிராம் புரதம். நீரிழிவோ சிறுநீரக நோயோ இருந்தால் சிகிச்சை தரும் மருத்துவரைக் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

பெட் ஸ்கேனில் கட்டி ஒளிர்வதைக் காட்டி இதை நியாயப்படுத்துவதும் சரியல்ல. எஃப்டிஜி (அந்த ஸ்கேனுக்குக் கொடுக்கும் கதிரியக்கக் குளுக்கோஸ் போலி) உள்ளே போய் ஹெக்சோகைனேஸால் பாஸ்பேட் ஏற்று, மேலே போக முடியாமல் சிக்கிக்கொள்கிறது. அது உறிஞ்சலைக் காட்டுகிறது, மைட்டோகாண்ட்ரியாவைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. மூளை எப்போதும் ஒளிரும், காசநோய் முடிச்சும் ஒளிரும்.

ஓடம்போக்கி

மெட்ஃபார்மின் காம்ப்ளெக்ஸ் 1-ஐ அடைக்கிறதே, அதைக் கொடுத்தால் போதாதா என்றும் கேட்கிறார்கள்.

பாமினியாறு

தட்டில் செல்லை அடக்க மில்லிமோலார் அளவு ஊற்றுகிறார்கள். மாத்திரை சாப்பிடுபவரின் ரத்தத்தில் இருப்பது சில பத்து மைக்ரோமோலார். நேரடியாகச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள்: நீரிழிவு இல்லாத மார்பகப் புற்றுநோயாளிகள் 3,649 பேரைச் சேர்த்த எம்ஏ.32 ஆய்வு 2022-இல் வெளிவந்தது, நோய் திரும்பாமல் வாழும் காலத்தில் மெட்ஃபார்மினால் பயன் இல்லை. காம்ப்ளெக்ஸ் 1-ஐ வலுவாக அடைக்கும் ஐஏசிஎஸ்-010759 மருந்தோ ரத்தத்தில் லாக்டேட் ஏற்றத்தையும் நரம்புப் பாதிப்பையும் கொடுத்ததால் முதல்கட்டத்திலேயே நின்றது. மைட்டோகாண்ட்ரியா நரம்புக்கும் இதயத்துக்கும் வேண்டும் என்பதுதான் இங்குள்ள சிக்கல். நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் தொடரட்டும், புற்றுநோய்க்காகத் தாமாகத் தொடங்க வேண்டாம்.

வெண்ணாறு

திட்டத்தின் கடைசிப் பகுதியாக மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏ இல்லாத ரோ-பூஜ்யச் செல் உருவாக்கலாமா? ஒப்பீட்டுக்கு அது நன்றாக இருக்கும்.

குடமுருட்டி

இருக்கும், பொறுமை வேண்டும். கிங்கும் அட்டார்டியும் 1989-இல் காட்டிய வழிதான்: எத்திடியம் புரோமைடு மில்லிக்கு 50 நானோகிராம், பல வாரம். மீடியத்தில் யுரிடின் மில்லிக்கு 50 மைக்ரோகிராமும் பைருவேட் 1 மில்லிமோலாரும் கட்டாயம். சங்கிலி நின்றால் பிரிமிடின் செய்யும் டைஹைட்ரோஓரோட்டேட் டிஹைட்ரஜனேஸ் எலெக்ட்ரானைக் கொடுக்க இடமில்லாமல் நின்றுவிடும், அதற்கு யுரிடின். என்ஏடியை மீட்கப் பைருவேட். ஒருநாள் யுரிடின் விட்டுப்போனாலும் மொத்தத் தட்டும் சரியும்.

இந்தத் தேவையே மாணவர்களுக்குப் பெரிய பாடம். சுவாசச் சங்கிலி பெருகும் செல்லுக்கு ஏடிபியோடு நிற்கவில்லை, நியூக்ளியோடைடுக்கும் வேண்டும். 2015-இல் சபாட்டினி, வாண்டர் ஹைடன் ஆய்வகங்கள் தனித்தனியே காட்டியது, சங்கிலி அடைபட்ட செல்லுக்கு முதலில் தட்டுப்படுவது அஸ்பார்டேட் என்று. அதே ஆண்டு மைக்கேல் பெரிட்ஜ் குழு, ரோ-பூஜ்யக் கட்டிச் செல்களை எலியில் ஏற்றியபோது அவை எலியின் மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவைப் பெற்ற பிறகே கட்டியாக வளர்ந்ததைக் கண்டது.

சரிபார்க்க: மைட்டோகாண்ட்ரிய டிஎன்ஏவுக்கு (16,569 இணைகள்) ஒரு பிசிஆர், உட்கரு மரபணுவுக்கு ஒரு பிசிஆர். பிறகு யுரிடின் இல்லாத மீடியத்தில் ஒரு தட்டு, அதில் எல்லாம் சாக வேண்டும். எலெக்ட்ரோடில் ஆன்டிமைசின் போட்டாலும் போடாவிட்டாலும் கோடு ஒன்றாக இருக்க வேண்டும். எத்திடியம் கழிவைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம், கரித்தூளில் உறிஞ்சவைத்துத் தனிக் கழிவாகக் கொடுங்கள்.

ஓடம்போக்கி

கடைசியாக ஒன்று. எண்ணைச் செல் எண்ணிக்கையால் வகுப்பதா, புரதத்தாலா?

கொள்ளிடக்கரை

ஹீலாவை ஹீலாவோடு ஒப்பிடும்போது எண்ணிக்கை போதும். ரோ-பூஜ்யச் செல்லோ ஃபைப்ரோபிளாஸ்டோ பக்கத்தில் வரும்போது செல்லின் அளவே மாறிவிடும், இரண்டையும் எழுதுங்கள். புரதம் எடுப்பதானால் ஓட்டத்துக்குச் சேர்த்த அதே சஸ்பென்ஷனில் ஒரு பங்கை முன்கூட்டியே ஒதுக்கி, பிபிஎஸ்ஸில் இரண்டு முறை கழுவிய பிறகே உடைத்து பிசிஏ (புரத அளவீடு) போடுங்கள். பஃபரில் லிட்டருக்கு 1 கிராம் அல்புமின் இருந்தால் கழுவாத சாம்பிளில் செல்லின் புரதத்தோடு அதையும் சேர்த்து அளப்பீர்கள், சுவாசம் குறைந்ததாகத் தெரியும்.